பழைய ஸ்னோபோர்டை அறுத்து ஸ்ப்ளிட்போர்டு ஆக்கலாமா, புதிதாக வாங்கலாமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: டென்வரில் இருக்கிறீர்கள், நான்கு சீசனாக ஸ்னோபோர்டு, அதாவது பனிச்சறுக்குப் பலகை ஓட்டுகிறீர்கள், இந்தக் குளிர்காலத்தில் லிஃப்ட் இல்லாத மலைகளுக்குப் போக ஆசை. வீட்டில் 158 செ.மீ. நீளத்தில் பழைய பலகை ஒன்று சும்மா கிடக்கிறது. அதை நடுவில் அறுத்து ஸ்ப்ளிட்போர்டு ஆக்கலாமா, இல்லை புதிதாகவே வாங்க வேண்டுமா, வாங்கினால் எதை வாங்குவது என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், “எல்லாம் சேர்த்தால் 2,000 டாலரைத் தொடுகிறது, அவ்வளவு முடியாது” என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வரியைத்தான் உங்கள் உண்மையான கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கக் கூடாது என்பதே இங்கே விஷயம்.

நான் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறேன். வசாட்ச் மலைகளில் 13 சீசனாக ஸ்ப்ளிட்போர்டில் ஏறி இறங்குகிறேன். எனக்காக இரண்டு பலகைகளையும் நண்பர்களுக்காக மூன்று பலகைகளையும் என் கராஜில் அறுத்திருக்கிறேன். இப்போது ஓட்டுவது கடையில் வாங்கியது. தொழில்முறை வழிகாட்டி இல்லை. என் எடை 66 கிலோ, அதனால் பலகையின் விறைப்பு, நீளம் பற்றி நான் சொல்வதை 90 கிலோ ஆள் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. ஸ்ப்ளிட்போர்டு என்பது நீளவாக்கில் இரண்டாகப் பிரியும் ஸ்னோபோர்டு. ஏறும்போது இரண்டு பாதிகளும் ஸ்கீ மாதிரி ஒவ்வொரு காலிலும் இருக்கும். அடியில் ‘ஸ்கின்’ என்ற மயிர்ப்பட்டையை ஒட்டிக்கொள்வோம். அதன் மயிர் ஒரே திசையில் படிந்திருப்பதால் முன்னால் வழுக்கும், பின்னால் வழுக்காமல் பிடிக்கும். உச்சிக்குப் போனதும் பட்டையை உரித்து, பாதிகளைச் சேர்த்துப் பூட்டி, வழக்கமான ஸ்னோபோர்டாக இறங்கலாம். இந்தப் பொருள் பரவியதில் எங்கள் ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. 1990களின் தொடக்கத்தில் பிரெட் கோபர்னிக் என்பவர் இங்கே பலகையை அறுத்துப் பரிசோதித்தார். வோயில் நிறுவனத்தின் மார்க் வாரியாகோயிஸ் அதற்கான உலோகப் பாகங்களை உருவாக்கினார். உங்கள் பலகையை நீங்களே அறுத்து மாற்றிக்கொள்வதற்கான பாகங்களையும் அந்த நிறுவனம் அப்போதே விற்கத் தொடங்கியது. ஆக, வீட்டில் அறுப்பது குறுக்குவழி ஒன்றும் இல்லை, இந்த விளையாட்டே அப்படித்தான் ஆரம்பித்தது.

எதை வாங்குவது என்று பார்க்கும் முன் ஒரு நாள் எப்படிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள். காலை ஆறரைக்குக் கிளம்பி மூன்று நான்கு மணி நேரம் ஏறுவீர்கள். இறக்கம் எல்லாம் சேர்த்தாலும் அரை மணி நேரம்தான் இருக்கும். கடையில் எல்லோரும் இறக்கத்தைப் பற்றியே பேசுவார்கள், விளம்பரப் படங்களிலும் அதுதான் இருக்கும். ஆனால் ஒரு ஸ்ப்ளிட்போர்டு உங்களுக்குப் பிடிக்கிறதா, இரண்டாவது சீசனிலும் அதை எடுத்துக்கொண்டு போகிறீர்களா என்பதை ஏற்றம்தான் முடிவு செய்யும். நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

சரி, அறுப்பதைப் பற்றிப் பேசுவோம். முதலில் உங்கள் பலகை அதற்குத் தகுதியானதா என்று பார்க்க வேண்டும். பைண்டிங், அதாவது பூட்ஸைப் பலகையோடு பிடித்துவைக்கும் பிடிப்பைப் பொருத்தும் மரைத்துளைகளைப் பாருங்கள். நடுக்கோட்டுக்கு இருபுறமும் இணையாக இரண்டு வரிசை இருந்தால் ரம்பம் நடுவில் போக இடம் இருக்கிறது. பர்ட்டன் நிறுவனப் பலகைகளில் வரும் ‘சேனல்’, அதாவது நடுக்கோட்டில் ஓடும் நீளப் பள்ளம் இருந்தால் அந்தப் பலகையை மறந்துவிடுங்கள். அறுத்தால் பைண்டிங் நிற்கும் இடமே போய்விடும். பழைய பர்ட்டனின் முக்கோண வடிவத் துளைகளும் நடுக்கோட்டை ஒட்டி வருவதால் அவையும் சரிப்படாது. அடுத்து, பலகையைச் சமதளத் தரையில் வையுங்கள். நடுப்பகுதி லேசாக எழும்பி, நுனிக்கும் வாலுக்கும் அருகில் தரையைத் தொட்டால் அது கேம்பர், நல்லது. படகு மாதிரி நடுவில் மட்டும் தொட்டு இரண்டு முனைகளும் தூக்கி நின்றால் முழு ராக்கர். அதை அறுக்க வேண்டாம் என்பேன். ஏறும்போது ஸ்கின்னின் பாதி நீளம் பனியையே தொடாது, கொஞ்சம் செங்குத்தான பாதை வந்தாலே கால் பின்னால் வழுக்கும். அப்புறம் எஃகு விளிம்பு எங்காவது உரிந்திருக்கிறதா, மேல்தாள் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே தண்ணீர் குடித்த மரத்தை அறுத்துப் பயனில்லை.

இவற்றில் தேறினால் அறுக்கலாம். வெட்டுவதற்குப் பத்து நிமிடம் போதும், அதற்கு முந்தைய அளவெடுப்புக்கு ஒரு முழு மாலை வேண்டும். நுனியிலிருந்து வால் வரை ஏழெட்டு இடங்களில் அகலத்தை அளந்து பாதியைக் குறியுங்கள். பிறகு தச்சர்கள் செய்வது போல நூல் பிடித்துப் பாருங்கள். எல்லாக் குறிகளும் நூலில் உட்கார வேண்டும். வெட்டும் இடம் முழுக்க டேப் ஒட்டினால் மேல்தாள் சிம்பு சிம்பாகப் பெயராது. நேரான அலுமினியச் சட்டம் ஒன்றைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, அதை ஒட்டியே வட்ட ரம்பத்தை ஓட்டுங்கள். நுண்பல் கார்பைடு பிளேடு வேண்டும். நுனியிலும் வாலிலும் உள்ள எஃகு விளிம்பை மட்டும் முன்கூட்டியே ஹேக்ஸாவால் கையால் அறுத்துவிடுங்கள், வட்ட ரம்பத்தை எஃகில் ஓட்டாதீர்கள். முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம், பறப்பது மரத்தூள் மட்டும் இல்லை, கண்ணாடி இழைத் தூளும்தான்.

வெட்டியதும் உள்ளே இருக்கும் மரம் நீளம் முழுக்க வெளியே தெரியும். அதை அடைப்பதுதான் இந்த வேலையிலேயே முக்கியமான கட்டம். என் முதல் பலகையில் அவசரப்பட்டு வார்னிஷை இரண்டு கை பூசிவிட்டுப் போனேன். இரண்டாம் சீசன் மார்ச் மாதம் பின்கால் பைண்டிங்குக்குப் பக்கத்தில் மேல்தாள் எழும்பியது. ஈரம் உள்ளே போய், உறைந்து, மரத்தையும் இழையையும் பிரித்திருந்தது. ஒட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை. அடுத்த பலகையில் வெட்டுமுகத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வீட்டுக்குள் இரண்டு நாள் காயவைத்து, நீர்த்த எபாக்ஸியை மூன்று முறை பூசினேன். போட்ட ஒவ்வொரு துளையின் உட்சுவரிலும் எபாக்ஸி தடவினேன். அது ஆறு சீசன் உழைத்தது.

பாகங்களைப் பொருத்தும்போது பொறுமை வேண்டும். பைண்டிங் உட்காரும் பிளாஸ்டிக் துண்டுகளைப் ‘பக்’ என்போம். ஒரு காலுக்கு இரண்டு, பாதிக்கு ஒன்றாக நேருக்கு நேர் இருக்கும். ஒன்று கொஞ்சம் விலகினாலும் பைண்டிங் நுழையாது, நுழைந்தாலும் உச்சியில், காற்றில், கை விறைத்திருக்கும்போது மாட்டிக்கொள்ளும். அதனால் இரண்டு பாதிகளையும் கிளாம்ப் போட்டுச் சேர்த்து வைத்து, பைண்டிங்கையே பக்குகளின் மேல் ஏற்றி நிறுத்திக் குறித்த பிறகுதான் துளையிட வேண்டும். கால்களின் இடைவெளியையும் கோணத்தையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள், பின்னால் மாற்றினால் புதுத் துளை போட வேண்டியிருக்கும். நடுவில் இழுத்துப் பிடிக்கும் கொக்கிகளும் முனைகளில் வரும் பூட்டுகளும் சேர்ந்தால் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. அடிப்பக்கத்தில் எந்தத் திருகின் தலையும் துருத்தக் கூடாது.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. முழுப் பலகையில் இருபுறமும் சமமாக இழுத்துக்கொண்டிருந்த இறுக்கம் அறுத்தவுடன் விடுபடும். சில பலகைகளில் பாதிகள் லேசாக முறுக்கிக்கொள்ளும். நான் அறுத்த ஐந்தில் ஒன்றில் நுனி 4 மி.மீ. அளவுக்குத் திறந்துகொண்டது. முனைப் பூட்டு அதை இழுத்துச் சேர்த்தது, ஓட்டவும் முடிந்தது, ஆனால் பூட்டு சீக்கிரம் தேய்ந்தது. எந்தப் பலகை முறுக்கும் என்று அறுப்பதற்கு முன் கண்டுபிடிக்க எனக்கு வழி தெரிந்ததில்லை. ஆகவே, கெட்டுப்போனால் வருத்தப்படும் பலகையை அறுக்காதீர்கள்.

கடைப் பலகைக்கும் வீட்டில் அறுத்ததற்கும் உள்ள பெரிய வித்தியாசம் உள்விளிம்பில் இருக்கிறது. தயாரிப்பிலேயே பிரித்துச் செய்த பலகைகளில் வெட்டுப் பக்கத்திலும் எஃகு விளிம்பு இருக்கும். உங்களுடையதில் வெறும் எபாக்ஸி பூசிய மரம்தான். சரிவுக்குக் குறுக்கே நடக்கும்போது இரண்டு கால்களின் மேட்டுப்பக்க விளிம்புகளும் பனியைக் கடித்துப் பிடிக்க வேண்டும். பாதிகளை எந்தக் காலில் எப்படி மாட்டினாலும் அவற்றில் ஒன்று வெளிவிளிம்பாகவும் மற்றொன்று வெட்டு விளிம்பாகவும்தான் வரும். அதாவது இறுகிய பனியில் ஒரு கால் எஃகில் நிற்கும், இன்னொரு கால் மரத்தில் நிற்கும். தூள் பனியில் இது தெரியவே தெரியாது. ஏப்ரல் காலையில், இரவு உருகி உறைந்த பனியில் நன்றாகத் தெரியும். பிக் காட்டன்வுட் பள்ளத்தாக்கின் ஒரு பக்கச் சரிவில் அப்படித்தான் வழுக்கி இருபது முப்பது அடி போய் ஒரு புதரில் நின்றேன். கீழே பாறை இல்லாத இடம். அன்று முதல் பாதத்துக்குக் கீழே மாட்டும் பல் தகடு, அதாவது ஸ்ப்ளிட்போர்டு கிராம்பான் இல்லாமல் வசந்த காலத்தில் நான் கிளம்புவதில்லை. கடைப் பலகைக்கும் அது வேண்டும், அறுத்த பலகைக்கு இன்னும் கூடுதலாக வேண்டும்.

ஆக என் தீர்ப்பு இது. கருவிகளோடு பழக்கம் இருக்கிறது, பலகை மேலே சொன்னவற்றில் தேறுகிறது, முதல் சீசனில் மரங்களுக்கு நடுவே சாய்வு குறைந்த தூள் பனியில்தான் போகப்போகிறீர்கள் என்றால் தாராளமாக அறுக்கலாம். ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் மூன்றாவது வழியில் போவேன். பழைய ஸ்ப்ளிட்போர்டு ஒன்றைத் தேடுவேன். புதுப் பலகைக்கு 700 முதல் 1,000 டாலர் வரை கேட்கிறார்கள். இரண்டு மூன்று சீசன் ஓடியது பாதி விலைக்கும் கீழே கிடைக்கும், டென்வர் மாதிரி ஊரில் வசந்தத்தின் முடிவில் நிறையவே வரும். வாங்கும்போது பூட்டிச் சேர்த்துத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து நடுக்கோட்டைப் பாருங்கள். பிறகு இரு கையாலும் நுனியை முறுக்கிப் பாருங்கள், பாதிகள் ஒன்றின் மேல் ஒன்று நகர்ந்தால் பூட்டுகள் தேய்ந்திருக்கின்றன. அவற்றைத் தனியாக வாங்கி மாற்றலாம். உள்விளிம்பின் எஃகு நசுங்கியிருந்தாலோ அங்கே மேல்தாள் பிரிந்திருந்தாலோ வேண்டாம்.

நீளத்தில் ரொம்ப யோசிக்காதீர்கள். முதுகில் எட்டுப் பத்துக் கிலோ பையோடு மிதிக்காத பனியில் ஓட்டுவதால், லிஃப்ட் உள்ள பனிச்சறுக்கு ரிசார்ட்டில் ஓட்டும் நீளத்தையே எடுக்கலாம் அல்லது இரண்டு மூன்று செ.மீ. கூட்டலாம். உங்களுக்கு 158 முதல் 161 வரை. அதைவிட அகலத்தைக் கவனியுங்கள். இடுப்பில், அதாவது பலகையின் குறுகிய நடுப்பகுதியில், 25 செ.மீ. அகலப் பலகை பிரிந்தால் ஒவ்வொரு பாதியும் 12.5 செ.மீ., மலையேறும் ஸ்கீக்கள் பெரும்பாலானவற்றை விட அகலம். குறுக்குச் சரிவில் அவ்வளவு அகலத்தை விளிம்பில் நிறுத்துவது கணுக்காலுக்குக் கடினமான வேலை, அதுவும் மெத்தென்ற ஸ்னோபோர்டு பூட்ஸில். பூட்ஸின் முனை வெளியே இடிக்காத அளவுக்கு மட்டும் அகலம் இருந்தால் போதும். வடிவத்தில், கால்களுக்கு நடுவில் கேம்பரும் நுனியில் கொஞ்சம் ராக்கரும் உள்ளதை எடுங்கள். எடை குறைந்த கார்பன் பலகைக்காகக் கூடுதலாக 300 டாலர் கொடுப்பதை முதல் சீசனில் நான் பரிந்துரைக்க மாட்டேன். கால் எடை குறைவது ஏற்றத்தில் உண்மையாகவே தெரியும், ஆனால் அந்தப் பணத்துக்கு இதைவிட அவசரமான இடங்கள் இருக்கின்றன.

அவற்றில் ஒன்று பைண்டிங். அறுத்து மாற்றுவதற்கான பாகத் தொகுப்பில் வரும் தகட்டின் மேல் உங்கள் பழைய பைண்டிங்கையே பொருத்தலாம், நானும் ஒரு சீசன் அப்படி ஓட்டினேன். காலுக்கும் பலகைக்கும் நடுவில் உயரம் கூடுகிறது, எடை கூடுகிறது, இணைப்புகளில் ஆட்டம் வருகிறது. இதற்கென்றே செய்த பைண்டிங்கின் அடித்தட்டே பக்குகளின் மேல் நேராக உட்காரும். மொன்டானாவின் போஸ்மனில் இருக்கும் ஸ்பார்க், வாஷிங்டன் மாநிலத்தின் கராகோரம் ஆகிய இரண்டு நிறுவனங்களும் இதில் அனுபவமுள்ளவை. ஸ்பார்க் எளிமையானது, பனி அடைத்தாலும் குச்சியால் குத்தி எடுத்துவிடலாம். கராகோரம் பூட்டும்போது பாதிகளை ஒன்றை நோக்கி ஒன்று இழுத்து இறுக்குவதால் பலகை முழுப் பலகை மாதிரி இருக்கும், ஆனால் பாகங்கள் அதிகம். முதல் ஜோடிக்கு நான் ஸ்பார்க்கைத்தான் சொல்வேன். இது என் விருப்பம், என் நண்பர்களில் பாதிப்பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எதை வாங்கினாலும், நாளைக்குப் பலகையை மாற்றும்போது பைண்டிங் கூடவே வரும், அதனால் அந்தச் செலவு வீணாகாது. ஸ்கீ மாதிரி விறைப்பான பூட்ஸோடு ஏறும் முறையும் உண்டு. அதில் எனக்கு நாலைந்து நாள் அனுபவம்தான், முதல் வருடத்தில் தேவையில்லை.

ஸ்கின்னைப் புதிதாகவே வாங்குங்கள். பழையதில் பசை செத்திருக்கும், குளிரில் பாதி வழியில் உரிந்து விழுந்தால் அன்றைய நாள் முடிந்தது. நைலான் நன்றாகப் பிடிக்கும், நீண்ட நாள் உழைக்கும். மொஹேர் இலேசாக வழுக்கி ஓடும், சீக்கிரம் தேயும். இரண்டும் கலந்தது உங்களுக்குச் சரியாக வரும். வெட்டும்போது இருபுறமும் எஃகு விளிம்பும் அதற்கு மேல் ஓரிரு மி.மீ. அடித்தளமும் வெளியே தெரியும்படி விடுங்கள். விளிம்பை மூடினால் குறுக்குச் சரிவில் பிடிமானம் இருக்காது, ரொம்பக் குறுக்கினால் ஏற்றத்தில் வழுக்கும். இடது வலது என்று அன்றே எழுதி வையுங்கள். உச்சியில் உரித்ததும் மடித்து ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டால் அடுத்த ஏற்றத்திலும் பசை உயிரோடு இருக்கும். மூன்று துண்டாகச் சுருங்கும் ஏறுகோல்களும் வேண்டும், இறங்கும்போது பைக்குள் போக வேண்டுமே.

பனிக்காலணி போட்டு நடந்து, பலகையை முதுகில் சுமக்கலாமா என்று ஒருவர் கீழே பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். முடியும். ஒரு நாள் முயற்சிக்கு மலிவான வழி. ஆழப் பனியில் மூன்றாவது முறைக்கு மேல் யாரும் அதை விரும்பிப் பார்த்ததில்லை.

இப்போது பணத்தை நான் எங்கே போடச் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். நீங்கள் இருக்கும் மாநிலம் கொலராடோ. அமெரிக்க மாநிலங்களில் பனிச்சரிவுச் சாவு அதிகம் நடக்கும் இடம். பருவத் தொடக்கத்தில் மெல்லிய பனி விழுந்து, தெளிந்த குளிர் இரவுகளில் அடிப்பகுதி சர்க்கரை மணி மாதிரி உதிரியாக மாறிவிடும். அதன் மேல் வரும் ஒவ்வொரு பனியும் அந்த உதிரியின் மேல்தான் உட்காரும், சில வருடங்களில் மார்ச் வரைக்கும். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகைச் சாய்வில் கிளம்புகின்றன, நாம் ஓட்ட ஆசைப்படும் சாய்வும் அதுதான். ஸ்கீக்காரரின் பைண்டிங் வேகமாக இழுபட்டால் கழன்றுவிடும். நம்முடையது கழலாது, பலகை நங்கூரம் மாதிரி காலை இழுக்கும். புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம், அதற்குப் பிறகு வேகமாகச் சரிகிறது. அந்த நேரத்துக்குள் எந்த மீட்புக் குழுவும் வராது, கூட வந்தவர்தான் தோண்ட வேண்டும்.

அதனால் மூன்று ஆன்டெனா உள்ள டிரான்சீவர் (புதைந்தவர் இருக்கும் இடத்தைச் சமிக்ஞையால் காட்டும் கருவி), பனிக்குள் துழாவும் கம்பி, உலோக மண்வெட்டி மூன்றையும் பலகைக்கு முன்னால் வாங்குங்கள். டிரான்சீவரை மட்டும் பழையதாக வாங்க வேண்டாம். மூன்று நாள் நடக்கும் முதல் நிலைப் பனிச்சரிவுப் பயிற்சியில் சேருங்கள். உடன் வருபவரும் அதை முடித்திருக்க வேண்டும். கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையத்தின் அன்றைய அறிக்கையைப் படிக்காமல் வண்டியை எடுக்காதீர்கள். நான் போட்ட கணக்கில் பழைய பலகைக்கு 350, பைண்டிங்குக்கு 400, ஸ்கின்னுக்கு 200, பாதுகாப்புப் பொருள்களுக்கு 400, பயிற்சிக்கு 500 டாலர் என்று வைத்தால் 1,850 வருகிறது. நீங்கள் சொன்ன 2,000-க்குப் பக்கத்தில்தான் நிற்கிறது, பயிற்சியையும் சேர்த்து. அதுவும் முடியாது என்றால் பலகையை அறுங்கள், பைண்டிங்கை ஒரு சீசன் தள்ளிப்போடுங்கள், கடைசி இரண்டையும் தொடாதீர்கள்.

கையில் இருக்கும் பணத்தைச் செலவழிக்கும் முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, காலையில் ஏற அனுமதிக்கும் ரிசார்ட் ஒன்றில் அவர்கள் குறித்த வழியில் ஏறிப் பாருங்கள். பல ரிசார்ட்கள் இதற்கென்று தனி அனுமதிச்சீட்டு கேட்கும். பாதிகளைச் சேர்ப்பதையும் பிரிப்பதையும் அங்கேயே நாலைந்து முறை செய்து பழகுங்கள். சேர்ப்பதற்கு முன் நடுக்கோட்டில் ஒட்டிய பனியைச் சுரண்டாமல் விட்டால் பூட்டு விழாது, எல்லோருக்கும் முதல் நாள் நடப்பது அதுதான்.

நீங்கள் பலகையின் பெயரையோ பூட் அளவையோ சொல்லவில்லை. மேல்புறத்தை, மரைத்துளைகள் தெரியும்படி ஒரு படமும், தரையில் வைத்துப் பக்கவாட்டில் ஒரு படமும் எடுத்துப் போடுங்கள். ரம்பம் போடலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்கிறேன்.